கணித மேதை இராமானுஜன்: பிழையும் திருத்தமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

பெரியோர்களின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது நாம் அவர்கள் அடைந்த வெற்றிகளையே எண்ணி வியக்கிறோம். கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றவுடன் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகமும், இலண்டன் ராயல் சொசைட்டியும், 1729 என்னும் எண்ணும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர் பிழையே செய்யாதவர், பிறக்கும்போதே எல்லாம் அறிந்தவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் உண்மை வேறு. அவருடைய முதற் கட்டுரையிலேயே ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழை எங்கே பிறந்தது, அவருடைய பிழைகளைத் திருத்தியவர்கள் யார், திருத்தத்தை அவர் எவ்வாறு ஏற்றார் என்பவற்றை அறிந்தால், இன்று கணிப்பொறி முன் அமர்ந்து முதன்முதலாகப் பைத்தான் மொழியில் நிரல் எழுதும் நமக்கு அது பெரும் பயன் தரும். அந்த நோக்கத்துடனேயே அம்மேதையின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறேன்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயாரின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய ஓட்டு வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. வருமானம் போதாமையால் கல்லூரி மாணவர்கள் சிலரை வீட்டில் தங்கவைத்து உணவளித்து வந்தனர். அம்மாணவர்களிடம் இருந்த கணக்குகளையெல்லாம் சிறுவன் இராமானுஜன் கேட்டுக் கேட்டுக் கற்றுத் தீர்த்துவிட்டான்.

1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்று, அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். லோனி எழுதிய திரிகோண கணித நூலைச் சிறு வயதிலேயே படித்து முடித்தார். 1903இல், தம் பதினாறாம் வயதில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தேர்வுக்குப் படிப்போருக்காகத் தொகுக்கப்பட்ட அந்நூலில் முடிவுகள் இருந்தன. அவற்றை அடையும் வழிகளோ மிகச் சுருக்கமாக இருந்தன, அல்லது இல்லவே இல்லை. ஒவ்வொரு முடிவையும் தாமே மெய்ப்பித்துப் பார்ப்பதே இராமானுஜனுக்கு விளையாட்டாயிற்று. அந்த நூல் அவரைக் கணிதத்தின் பெருவெளிக்கு அழைத்துச் சென்றது. அதே சமயம் வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதும் பழக்கத்தையும் அவரிடம் விட்டுச் சென்றது.

அரசு கல்லூரியில் தோல்வி

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி அய்யர் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கிச் சிறப்பித்தார். உதவித்தொகையும் கிடைத்தது. அந்த உதவித்தொகையுடன் அவர் சேர்ந்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில். இன்று அது நம் கல்லூரியைப் போலவே அரசு கலைக் கல்லூரி என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

ஆனால் கணிதம் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தோற்றார். உதவித்தொகை பறிபோயிற்று. கட்டணம் கட்ட வழியில்லை. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்பு 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. மறுபடி எழுதியும் தோல்வி. பட்டம் என்பது அவருக்கு எட்டாக் கனியாயிற்று.

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நம்மில் பலர். இதை எழுதும் நானும் அவர்களுள் ஒருவன். ஒரு பாடத்தில் தோற்றால் வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் கல்லூரியையே விட்டு நின்றுவிடும் மாணவர்களை நாம் அறிவோம். இராமானுஜனுக்கும் அந்நிலை வந்தது. அவர் கல்லூரியை விட்டார். ஆனால் கணக்கை விடவில்லை.

சிலேட்டும் முழங்கையும்

வறுமை அவருடைய கணிதத்தின் வடிவத்தையே மாற்றியது என்றால் அது மிகையாகாது. காகிதம் விலை மிகுந்த பொருள். ஆகவே அவர் கணக்குகளையெல்லாம் சிலேட்டில் போட்டார். போட்டு முடித்ததும் துணி தேடாமல் முழங்கையாலேயே அழித்தார். கடைசியில் கிடைத்த முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். இப்படி நிரம்பிய நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கணித முடிவுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சரியானவை என்பதைப் பிற்கால அறிஞர்கள் மெய்ப்பித்துள்ளனர்.

இருந்தும் ஒரு குறை. சிலேட்டில் அழிந்த வழிகள் அழிந்தவையே. ஒரு முடிவு தவறாக இருந்தால், தவறு எந்தப் படியில் நிகழ்ந்தது என்று கண்டுபிடிக்கப் பிறருக்கு வழியில்லை. சில காலம் கழித்து அவருக்கே வழியில்லை.

விழுப்புரத்தில் வண்டி மாறிய இளைஞர்

1909ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இராமானுஜனுக்கும் ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. இனி வேலை தேடியே ஆகவேண்டும். 1910இல் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் இரயில் ஏறினார். நம் விழுப்புரம் சந்திப்பில் இறங்கினார். அங்கே வண்டி மாறி, மேற்கே சுமார் இருபது மைல் தொலைவிலுள்ள திருக்கோவிலூருக்குச் சென்றார். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் இராமசுவாமி அய்யர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த பெருமகனார் அவரே.

இராமானுஜன் கேட்டது ஒரு சிறு குமாஸ்தா வேலை. காட்டியது நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த அய்யர், இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகத்தின் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து மழுங்கடிக்க மனமின்றி, வேலை தராமல், சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அக்கடிதமே இராமானுஜன் வாழ்வின் திருப்பம். முன்பு கும்பகோணத்தில் அவருக்குக் கற்பித்த பேராசிரியர் சேஷு அய்யரும், அவர் மூலம் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் அவருக்குத் துணையாயினர். முதலில் ஐயுற்ற ராவ், சிலமுறை சந்தித்த பின் அவர் திறமையை உணர்ந்து, மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஆதரித்தார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நாம் இதை மறத்தல் ஆகாது. கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்குச் செல்லும் இருப்புப்பாதை நம் இரண்டு ஊர்களின் வழியாகவே போகிறது. தன் நோட்டுப் புத்தகத்தைப் பிறரிடம் காட்டத் துணிந்த ஓர் இளைஞரின் பாதை அது.

முதற் கட்டுரை

1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதற் கட்டுரை வெளிவந்தது. அதன் பொருள் பெர்னூலி எண்களின் சில பண்புகள்.

பெர்னூலி எண்கள் என்றால் என்ன என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். ஒன்று முதல் நூறு வரை கூட்டினால் என்ன வரும் என்பதற்கு நமக்கு ஒரு சூத்திரம் தெரியும். அவ்வெண்களின் வர்க்கங்களைக் கூட்ட ஒரு சூத்திரம், கனங்களைக் கூட்ட வேறொரு சூத்திரம் என்று சூத்திரங்கள் வளர்ந்துகொண்டே போகும். அச்சூத்திரங்களுக்குள் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் சில பின்னங்களே பெர்னூலி எண்கள். சுவிட்சர்லாந்து நாட்டு ஜேக்கப் பெர்னூலி கண்டது. அவர் மறைந்த பின் 1713இல் வெளிவந்த நூலில் உள்ளது. குறியை நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டாவது எண் 1/6, நான்காவது 1/30, ஆறாவது 1/42. ஒவ்வோர் எண்ணையும் கண்டுபிடிக்க அதற்கு முந்தைய எண்கள் வேண்டும். ஆதலால் தொடக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தால் அது இறுதி வரை தொற்றிக்கொள்ளும்.

அக்கட்டுரை எளிதில் அச்சேறவில்லை. இதழாசிரியர் பெங்களூர் நாராயண அய்யங்கார். இராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டி எழுதியிருந்தார், சாதாரண வாசகர் பின்தொடர இயலாத சுருக்கம், தெளிவு போதவில்லை. ஆகவே கட்டுரை ஆசிரியருக்கும் எழுதியவருக்கும் இடையே பலமுறை போய்வந்தது. ஒவ்வொரு முறையும் இராமானுஜன் திருத்தி எழுதினார். தம் வாழ்நாளில் அதுவரை அவருடைய வழிகளை ஒருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை எனலாம்.

இருபதாவது எண்ணில் மறைந்திருந்த பிழை

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் ஒரு பிழை தப்பிவிட்டது. ஒவ்வொரு பெர்னூலி எண்ணையும் அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் கிடைக்கும் பின்னத்தின் தொகுதி, 1 ஆக இல்லாவிட்டால், பகா எண்ணாகவே இருக்கும் என்று இராமானுஜன் கருதினார்.

சோதித்துப் பார்ப்போம். இரண்டாவது எண்ணிலிருந்து பத்தாவது வரை தொகுதி 1. பன்னிரண்டாவதில் 691, பகா எண். பதினான்காவதில் மீண்டும் 1. பதினாறாவதில் 3617, பகா எண். பதினெட்டாவதில் 43867, அதுவும் பகா எண். இவ்வளவு ஒழுங்கைக் கண்டால் யாருக்குத்தான் நம்பிக்கை பிறக்காது? ஆனால் இருபதாவதில் கிடைப்பது 174611. இது பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடாது. வரிசையாக அறுபது பகா எண்களால் வகுத்துத் தோற்ற பின், அறுபத்தோராவது பகா எண்ணாகிய 283ஆல் வகுத்தால் மீதியின்றி 617 வரும். ஆகவே அது பகா எண் அன்று, கருத்தும் சரியன்று.

கையால் கணக்கிட்ட காலத்தில் இது எளிய வேலை அன்று என்பதை நாம் உணர வேண்டும். பிற்காலத்தில் வாக்ஸ்டாஃப் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலுள்ள கூற்றுகளையெல்லாம் தனியே ஆராய்ந்தார். ஒரு மாணவனின் முதற் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

இதிலே இன்னொரு வியப்பு. உலகின் முதற் கணிப்பொறி நிரல் என்று பலர் போற்றும் அடா லவ்லேஸ் அம்மையாரின் குறிப்பு 1843இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட எந்திரத்தைக் கொண்டு அவர் கணக்கிடக் காட்டிய பொருளும் பெர்னூலி எண்களே! அச்சான அப்பட்டியலிலும் ஒரு பிழை உண்டு. நான்காவது செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியுள்ளன. நிரல் பிறந்தபோதே பிழையும் உடன் பிறந்தது போலும்.

நம் நிரலில் அதே பிழைகள்

இராமானுஜனின் அக்கருத்தை இன்று நாம் பைத்தான் மொழியில் இருபது வரிக்குள் சோதிக்கலாம். 2019 முதல் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் இடம்பெற்றிருப்பதால் நம்மில் பலருக்கு அது புதிதன்று. ஆனால் அந்த இருபது வரிக்குள் தொடக்க மாணவர் செய்யக்கூடிய பிழைகள் பல. முக்கியமானவற்றை எடுத்துக் காட்டுகிறேன்.

முதலாவது, எல்லைப் பிழை. 2 முதல் 20 வரை இரட்டை எண்கள் வேண்டுமென்று ரேஞ்ச்(2, 20, 2) என எழுதுவோம். பைத்தான் கடைசி எண்ணைச் சேர்க்காது, 18உடன் நின்றுவிடும். அந்த நிரலை ஓட்டினால் இராமானுஜன் கருத்து முழுவதும் சரி என்றே விடை வரும்! 21 அல்லது 22 என்று எல்லை கொடுத்தால்தான் பிழை பிடிபடும். ஓர் எண் தவறியதால் முடிவே தலைகீழாயிற்று.

இரண்டாவது, உள்தள்ளல் பிழை. பகா எண்ணா என்று சோதிக்கும் செயற்கூறில், வகுபட்டால் பொய் என்றும், எந்த எண்ணாலும் வகுபடாவிட்டால் மெய் என்றும் திருப்பியனுப்ப வேண்டும். மெய் என்று திருப்பும் வரி மடக்குக்கு வெளியே இருத்தல் வேண்டும். அதை மடக்கின் உள்ளே தள்ளி எழுதிவிட்டால், 2ஆல் வகுபடவில்லை என்று கண்டவுடனேயே பகா எண் எனத் தீர்ப்புச் சொல்லிவிடும். 174611 பகா எண்; 9 பகா எண்; 15உம் பகா எண்! நான்கு வெற்றிடங்களால் வந்த வினை இது.

மூன்றாவது, குறிப் பிழை. உண்மையில் இருபதாவது பெர்னூலி எண் குறை எண். குறியை நீக்க மறந்து அப்படியே சோதனைக்கு அனுப்பினால், 2 முதல் ஒரு குறை எண் வரை செல்லும் மடக்கு ஒரு தடவைகூடச் சுழலாது. சுழலாத மடக்கு எதையும் மறுக்காது. மெய் என்ற விடையே வரும்.

நான்காவது, பின்னப் பிழை. ஒற்றைச் சாய்கோடு இட்டு வகுத்தால் பைத்தான் தசம எண் தரும். தொகுதி எது, பகுதி எது என்று அதில் தெரியாது. இரட்டைச் சாய்கோடு இட்டால் பின்னப் பகுதியையே வெட்டிவிடும். 1ஐ 6ஆல் வகுத்தால் சுழியம் வரும். முதல் எண்களே கெட்டால் பின்னர் வருவன அனைத்தும் கெடும் என்று முன்பே கண்டோம். பைத்தானுடன் வரும் ஃபிராக்ஷன்ஸ் தொகுதியை அழைத்துக்கொண்டால் பின்னம் பின்னமாகவே இருக்கும்.

முக்காற்புள்ளியை விடுதல், சமமா என்று ஒப்பிட இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றே இடுதல், இன்புட் வழியாக வந்த 20ஐ எண்ணாக மாற்றாமல் சொல்லாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுதல் ஆகியவை வேறு வகை. இவற்றுக்குக் கணிப்பொறியே பிழைச் செய்தி தரும். அச்செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். அதில் பிழையின் பெயர் இருக்கும். அதன் மேலே வரி எண் இருக்கும். சில சமயம் குற்றம் அந்த வரியில் இராது. முந்தைய வரியில் மூடாமல் விட்ட அடைப்புக்குறியில் இருக்கும். சிவந்த எழுத்தில் வரும் அச்செய்தியைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. நாராயண அய்யங்கார் கட்டுரையைத் திருப்பியனுப்பியதும் அதுவும் ஒன்றே.

அஞ்ச வேண்டியவை முதலிற் சொன்ன நான்கும். அவற்றில் பிழைச் செய்தி வராது. நிரல் ஓடும், விடையும் வரும், விடை தவறாக இருக்கும். அவற்றைப் பிடிக்க எளிய வழிகள் உண்டு. விடை முன்பே தெரிந்த சிறு எண்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 1, 2, 9, 25 ஆகியவற்றைக் கொடுத்தாலே பகா எண் சோதனையின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும். இடையில் வரும் மதிப்புகளைப் பிரின்ட் கட்டளையால் அச்சிட்டு, இரண்டாவது எண் 1/6 தானா, பதினெட்டுக்குப் பின் இருபது வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டுமே மாற்ற வேண்டும். அருகில் இருக்கும் நண்பருக்கு நிரலை வரிவரியாக விளக்கிச் சொன்னால், சொல்லும்போதே பிழை கண்ணில் படும். சுருங்கச் சொன்னால், சிலேட்டை முழங்கையால் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கடல் கடந்த பயணம்

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேலாளர் நாராயண அய்யரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஊக்கமளித்தனர். அவர் கணக்குகள் இலண்டன் பேராசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பப்பட்டபோது, விரி தொடர்களைக் கையாளுவதில் அவர் வழுக்கி விழுந்துள்ளதை ஹில் சுட்டிக்காட்டி, படிக்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டு எழுதினார். இராமானுஜன் சோர்ந்து போகவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தாமே கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தில் ஹார்டியைத் திகைக்க வைத்த முடிவுகள் பல இருந்தன. ஒரு பெரும் பிழையும் இருந்தது. ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு அவர் ஒரு சூத்திரம் கண்டதாக எழுதியிருந்தார். சிறு எண்களுக்கு அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. ஆனால் எல்லா எண்களுக்கும் அவர் சொன்ன அளவுக்குப் பொருந்தாது என்பதை ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் கண்டனர். முன்பு இருபதாவது எண்ணில் கண்ட அதே வகைப் பிழை!

இங்கே நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பகா எண்களின் எண்ணிக்கையைத் தோராயமாகத் தரும் புகழ்பெற்ற ஒரு சூத்திரம், கணக்கிட்டுப் பார்த்த இடமெல்லாம் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அது என்றும் அப்படியே இராது, எங்கோ மிகத் தொலைவில் மாறும் என்று 1914இல் லிட்டில்வுட் மெய்ப்பித்தார். ஆகவே கணிப்பொறி கோடி எண்களைச் சோதித்துச் சரி என்றாலும் அது நிரூபணம் ஆகாது. தவறைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சரி என்று காட்ட நிரூபணம் வேண்டும்.

பிழைகளைக் கண்ட ஹார்டி கடிதத்தைக் குப்பையில் எறியவில்லை. இராமானுஜனும் மனம் வருந்தி ஒதுங்கவில்லை. சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. பட்டம் பெறாத ஒருவருக்குப் பல்கலைக் கழகம் அளித்த பெரும் சிறப்பு அது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். டிரினிட்டிக் கல்லூரியில் ஹார்டியுடன் ஆராய்ச்சி தொடங்கியது. வழிகளை எழுதவும் நிரூபிக்கவும் ஹார்டி அவருக்குக் கற்பித்தார்; புதிய உண்மைகளைக் காணும் கண்ணை ஹார்டி அவரிடம் கண்டார். 1916இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கிட்டாத பட்டம் கேம்பிரிட்ஜில் கிட்டியது.

திருத்தத்தின் பயனை 1918இல் வெளிவந்த அவர்களுடைய கூட்டு ஆராய்ச்சியில் காணலாம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் பிரிக்கலாம். அப்படி எந்த எண்ணை எத்தனை வழிகளில் பிரிக்கலாம் என்பதற்கு இருவரும் ஒரு சூத்திரம் கண்டனர். இம்முறை சூத்திரத்தோடு நிற்கவில்லை. நிரூபணம் எழுதினர். அதற்கும் மேலாக, மேக்மகான் என்னும் அறிஞர் வேறொரு வழியில் கையாலேயே 200 வரை கணக்கிட்ட பட்டியலோடு ஒப்பிட்டனர். 200ஐப் பிரிக்கும் வழிகள் 3,972,999,029,388 என்று மேக்மகான் கண்டிருந்தார். சூத்திரமும் அதையே தந்தது. பதினெட்டோடு நின்ற நம்பிக்கைக்கும் இருநூறு வரை ஒப்பிட்ட உறுதிக்கும் இடையே ஏழே ஆண்டுகள்!

புகழும் மறைவும்

அதே 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் உடல்நலம் குன்றியது. போர்க்காலம், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, குளிர், தனிமை. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பாலும் காலம் கழிந்தது. 1919 மார்ச் மாதம் பம்பாய் வந்திறங்கினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்துகொண்டும் கணக்கெழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் முற்றிலும் புதிய கணிதக் கருத்துகளைத் தெரிவித்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னும் அவர் நோட்டுப் புத்தகங்கள் மறையவில்லை. 1957இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அவற்றை அப்படியே படியெடுத்து வெளியிட்டது. 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில், காணாமற்போன அவருடைய தாள்களை ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டெடுத்தார். புரூஸ் பெர்ண்ட் என்னும் அறிஞர் நோட்டுப் புத்தகங்களிலுள்ள ஒவ்வொரு முடிவுக்கும் நிரூபணம் தேடி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். சிலேட்டில் முழங்கை அழித்த வழிகளை மீண்டும் எழுத உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

நமக்குரிய பாடம்

இராமானுஜனின் அறிவு நமக்கு வாய்க்காது. அதற்காக வருந்திப் பயனில்லை. ஆனால் அவர் செய்த ஒரு செயல் நம் எல்லோராலும் முடியும். தேர்வில் தோற்ற பின்பும், கையில் காசில்லாத போதும், தம் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் வரை சென்று ஒருவரிடம் விரித்துக் காட்டினார். காட்டியதால்தான் இராமசுவாமி அய்யர் படித்தார், நாராயண அய்யங்கார் திருத்தினார், ஹில் எச்சரித்தார், ஹார்டி அழைத்தார். காட்டாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் பிழையும் வெளிப்பட்டிராது, பெருமையும் வெளிப்பட்டிராது.

கணிப்பொறிக் கூடத்தில் நிரல் ஓடவில்லை என்றால் திரையை மறைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியைப் படிக்கத் தயங்கி, அடுத்தவர் நிரலை அப்படியே பார்த்து எழுதி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோரும் உண்டு. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத நமக்கு, பக்கத்து இருக்கை நண்பரும் ஆசிரியருமே திருக்கோவிலூர். அவர்களிடம் திரையைத் திருப்பிக் காட்டுவோம். எந்த வரியில் என்ன எண்ணி எழுதினோம் என்று சொல்வோம். பதினெட்டோடு நிற்காமல் இருபதையும் சோதிப்போம். பிறர் காட்டும்போது நாமும் சிரிக்காமல் படித்துப் பார்ப்போம்.

2012 முதல் டிசம்பர் 22ஆம் நாள் தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த கணித நாளன்று நம் துறையில் ஒவ்வொரு மாணவரும் தம் நிரல் ஒன்றைக் கொண்டுவந்து, இன்னொருவர் கையில் கொடுத்துப் பிழை பார்க்கச் செய்தால், அம்மேதைக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதைவிடச் சிறந்ததாக வேறொன்று இருக்க இயலாது.

வாழ்க இராமானுஜன் புகழ்! வளர்க நம் கல்லூரி!